திங்கட்கிழமையே எழுதி முடித்த வாரம்

மூன்றாம் நம்பர் தொட்டியின் படிக்கட்டில் நான் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே நான்கு ஆண்கள் நின்று கத்துகிறார்கள். புரட்டாசிச் சனிக்கிழமை, காலை பதினொரு மணி. மேற்கிலிருந்து நல்ல காற்று. புடவைக்கு மேல் போட்டிருந்த நீலக் கோட்டு படபடவென்று அடித்துக்கொள்கிறது.

"எழுந்திரும்மா. வேலை கெடுது" என்றார் ஷிப்ட் இன்ஜினியர்.

"இருபது நிமிஷம் சார். பதினொண்ணு இருபது ஆவட்டும். அப்புறம் நானே எழுந்துக்கிறேன்."

"பதினொண்ணு இருபதுக்கு என்ன வரப்போகுது?"

"காத்து நிக்கப்போவுது."

அவர் நிமிர்ந்து லேப் மாடியிலிருந்த காற்றுப் பையைப் பார்த்தார். ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட துணிப்பை, கிழக்கே நீட்டி விறைத்துக்கொண்டு நின்றது. பிறகு என்னைப் பார்த்தார். பைத்தியத்தைப் பார்க்கிற பார்வைதான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

எட்டு மணி வேலை

போன வாரம் கேன்டீன் சாம்பாரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "அம்மா, சாம்பார் ஊற்றிக்கொண்டதைத் தவிர அந்தக் கம்பெனியில் நீங்கள் என்னதான் செய்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. சொல்லிவிடுகிறேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் சாயப்பொடி செய்கிற கம்பெனி அது. எனக்கு லேபில் வேலை. அதோடு ஒட்டிக்கொண்டு வந்த சில்லறை வேலை ஒன்று உண்டு. தினமும் காலை எட்டு மணிக்கு லேப் மாடிக்கு ஏறி, காற்று எந்தத் திசை, மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம், வெயில் எத்தனை டிகிரி, மழை பெய்திருந்தால் எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து ஒரு ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். வரியின் கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். அதில் விசேஷமாக ஏதாவது இருந்தால் எழுதலாம்.

சில்லறை வேலை என்றாலும் ஆள் உயிர் அதில்தான் இருந்தது. கழிவுநீர்த் தொட்டிகளின் அடியில் சேறு கட்டும். சேற்றிலிருந்து அழுகிய முட்டை நாற்றத்தோடு ஒரு காஸ் வரும். அது காற்றைவிடக் கனமானது, மேலே எழும்பாமல் காலடியில் தேங்கும். கொஞ்சம் இருந்தால் நாறும். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, அடுத்தபடி ஆள் விழவேண்டியதுதான். ஆகையால் தொட்டியைத் திறக்கிற நாளில் காற்று வீசியே ஆகவேண்டும். காற்று உண்டு என்று என் ரிஜிஸ்டர் சொன்னால்தான் வேலைக்குப் பர்மிட்.

எங்கள் வீடு ஆரணிக்குப் பக்கத்துக் கிராமத்தில், பட்டு நெய்கிற ஆரணி இல்லை, இந்தப் பக்கத்துச் சின்ன ஆரணி. ஷேர் ஆட்டோவில் கவரைப்பேட்டை வந்து ரயில் பிடித்தால் அடுத்த ஸ்டேஷன் கும்மிடிப்பூண்டி. ஏழே முக்காலுக்கு கேட்டில் கைரேகை வைத்துவிட்டு நேராக மாடிப்படி. பத்து மாதம் இப்படித்தான் போயிற்று. அதாவது, இப்படித்தான் போயிற்று என்று என் வீட்டில் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

போன வருஷப் புத்தகம்

உண்மையில் நடந்தது வேறு. அதைச் சொல்ல இத்தனை வருஷம் கழித்தும் கூச்சமாக இருக்கிறது.

பர்மிட் எழுதுகிறவர் தேசிங்கு. பதினைந்து வருட சர்வீஸ், நல்ல மனிதர், அவசரக்காரர். வாரம் முழுவதுக்கும் வேண்டிய பர்மிட்டுகளைத் திங்கட்கிழமை காலையே டைப் அடித்து, கையெழுத்து வாங்கி அடுக்கிவிட்டால்தான் அவருக்கு நாஷ்டா இறங்கும். பர்மிட்டில் காற்றின் திசையும் வேகமும் இருக்க வேண்டும். ஆகவே சனிக்கிழமைக் காற்றை நான் திங்கட்கிழமையே சொல்லியாக வேண்டும்.

"அது எப்படி சார் சொல்றது? நான் இன்னா ஜோசியமா பாக்கறேன்?" என்று முதல் வாரமே சண்டைக்குப் போனேன்.

"போன வருஷ புக்க எடு. அதே வாரத்தப் பாரு. எழுதிப் போடு. புரட்டாசில புரட்டாசிக் காத்துதான் அடிக்கும். பங்குனிக் காத்தா வந்து அடிக்கப்போவுது?"

இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் போன வருஷப் புத்தகத்தை எடுத்தேன். எனக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான் செய்தார்களாம். இந்தக் கடலோரத்தில் வானம் பெரிய வித்தை எதுவும் காட்டாது. காலையில் மேல்காற்று, மதியத்துக்கு மேல் கடல்காற்று, ஐப்பசியில் மழை, மார்கழியில் பனி. பார்த்து எழுதினாலும் பார்க்காமல் எழுதினாலும் ஏறக்குறைய ஒன்றுதான். நானும் மாடிக்குப் போவதை விட்டு, அந்த நேரத்தில் டீ குடிக்க ஆரம்பித்தேன்.

அந்தப் புரட்டாசியில் இரண்டாவது திங்கட்கிழமை. வழக்கம்போல் போன வருஷப் புத்தகத்தை விரித்தேன். அந்தப் பக்கத்தில் மட்டும் குறிப்புக் கட்டங்கள் நிறைந்திருந்தன. செவ்வாய்: மாலை 4.10க்கு மழை, 11 மி.மீ. புதன்: காலையில் பனிமூட்டம், 8.40க்கு விலகியது. வியாழன்: காலை முதல் கீழ்க்காற்று, கப்பல் ஊதல் கேட்டது, இரண்டு முறை. வெள்ளி: பகல் 12 மணிக்குச் சுழல்காற்று, தூசி.

கப்பல் ஊதலா என்று சிரிப்பு வந்தது. காட்டுப்பள்ளித் துறைமுகம் எங்கே, நாங்கள் எங்கே! ரயில் ஊதல் தவிர வேறு எதையும் நாங்கள் கேட்டதில்லை. ஆனாலும் கட்டம் நிறைந்திருந்தால் மேனேஜருக்குப் பிடிக்கும். ஒரு எழுத்து விடாமல் காப்பியடித்தேன்.

சனிக்கிழமை வரியைக் காணோம். பக்கத்தின் கீழ் விளிம்பைப் பூச்சி அரித்திருந்தது. தேசிங்கு வேறு கதவருகே நின்று, "ஆச்சாம்மா?" என்கிறார். மேற்கு, 14 என்று நானே ஒன்றைப் போட்டு மூடிக்கொடுத்தேன்.

நாலு பத்து

செவ்வாய்க்கிழமை மாலை குடுவை கழுவிக்கொண்டிருந்தேன். வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. திடீரென்று தகரக் கூரையில் யாரோ கொள்ளு கொட்டினதுபோல் சத்தம். ஜன்னலுக்கு வந்தேன். மழை.

சுவர்க் கடிகாரத்தை ஏன் பார்த்தேன் என்று தெரியாது. நாலு பத்து.

தற்செயல்தான் என்று சொல்லிக்கொண்டேன். மழை விட்டதும் மாடிக்கு ஏறினேன். பல மாதங்களுக்குப் பிறகு ஏறுகிறேன், கதவுத் தாழ்ப்பாளே துருப்பிடித்து இறுகியிருந்தது. மழைமானிக் குப்பியை எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். தண்ணீர் பதினொன்றாவது கோட்டில் நின்றது. மேலுமில்லை, கீழுமில்லை.

கை ஈரத்தில் குப்பி வழுக்கியது. கொட்டிவிட்டுக் கீழே வந்துவிட்டேன்.

மறுநாள் கவரைப்பேட்டை தாண்டியதும் ரயில் ஜன்னலில் வயல் மறைந்தது, பிறகு மின்கம்பம் மறைந்தது. பெட்டியில் ஒரு பெண், "புரட்டாசில பனியா, இன்னா அநியாயம்!" என்றாள். கும்மிடிப்பூண்டியில் இறங்கியபோது எதிரே வருகிறவர் முகம் தெரியவில்லை, செருப்புச் சத்தம் மட்டும் வருகிறது. தொழிற்பேட்டைச் சாலையில் லாரிகள் பகலிலேயே விளக்குப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன.

நேரே மாடிக்குப் போய் நின்றேன். காற்றுப் பை எங்கே என்றே தெரியவில்லை, வெறும் வெள்ளை. கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு மணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது ஆனதும் முதலில் தண்ணீர் டேங்க் தெரிந்தது, அடுத்து புகைக்கூண்டு, அடுத்து ஆரஞ்சுப் பட்டை. இரண்டே நிமிஷத்தில் பளிச்சென்று வெயில்.

தேசிங்குவிடம் ஓடிப்போய் ரிஜிஸ்டரைக் காட்டினேன். "சார், இது நாம திங்கக்கிழம எழுதினது."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். முதலில் சிரித்தார். "பாத்தியா, நான் சொல்லல? போன வருஷ புக்கு பொய் சொல்லாது." ஆனால் என் கையிலிருந்து ரிஜிஸ்டரை வாங்கிய வேகத்தில் திருப்பிக் கொடுக்கவில்லை. வியாழக்கிழமை வரியை இரண்டு தரம் படித்தார்.

"கப்பலா?" என்றார்.

நைனாவின் நெல்

அடுத்து நான் செய்த காரியத்துக்குத் திட்டுவதானால் என்னைத்தான் திட்ட வேண்டும். பயந்த ஆள் என்ன செய்ய வேண்டும்? ரிஜிஸ்டரை மூடி வைக்க வேண்டும். நான் அன்று மதியமே எங்கள் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, போன் செய்தேன்.

எங்களுக்கு இரண்டரை ஏக்கர் நெல். அறுத்துக் குவித்திருந்தது. செவ்வாய் மழையில் நனைந்து, காயப்போடலாமா வேண்டாமா என்று நைனா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு மழ இல்ல நைனா. தைரியமா ரோட்ல கொட்டிப் பரப்பு."

"டிவில மழ வரும்ன்றானே?"

"வராது. கீழ்க்காத்துதான் அடிக்கும். நான் சொல்றேன்."

"நீ இன்னா வானத்துக்கே ஆபீசரா?" என்றார். ஆனாலும் பரப்பினார்.

வியாழக்கிழமை காலையிலேயே கிழக்கிலிருந்து காற்று. கம்பெனியின் சாய நெடியை அமுக்கிக்கொண்டு உப்பும் கருவாடுமாகப் பழவேற்காட்டு வாசனை. எங்கள் லேபுக்குள் அதுவரை வராத வாசனை. மழை ஒரு சொட்டு இல்லை. சாயங்காலம் நைனா போனில், "காஞ்சிடுச்சும்மா, சருகாட்டம் காஞ்சிடுச்சு" என்று குதூகலித்தார். நான் சந்தோஷப்பட்டேன் என்று எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் பட்டேன்.

ஊதலையும் கேட்டோம். பத்தரை மணி இருக்கும். நானும் தேசிங்குவும் முற்றத்தில் நிற்கிறோம். அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் நீளமாக ஒரு சத்தம். நின்றது. மறுபடி ஒன்று. தேசிங்கு விரலை மடக்கி இரண்டு என்று காட்டினார். மூன்றாவது வருமோ என்று அப்படியே நின்றோம். வரவில்லை.

முனிரத்தினம் எங்களிடம் வந்து சேர்ந்தது அப்போதுதான். தொட்டிச் சேறு வாருகிற கான்ட்ராக்ட் ஆட்களுக்குத் தலைவர் அவர். ஊத்துக்கோட்டைக்காரர், நாற்பது வயது, பேச்சில் தெலுங்கு வாடை. புரட்டாசி மாதம் முழுக்க நெற்றியில் நாமம், ஒருவேளைச் சாப்பாடு. சனிக்கிழமை மூன்றாம் நம்பர் தொட்டியை முடித்துவிட்டு, ஞாயிறு விடியலில் ஊத்துக்கோட்டையிலிருந்து திருப்பதிக்கு நடக்கப் புறப்படுவதாக வேண்டுதல்.

"அக்கா, நீ எழுதறது அப்பிடியே நடக்குதாமே? தேசிங்கு அண்ணன் சொல்லிக்கினு கீறாரு. சனிக்கெழம எனக்கு இன்னா காத்து எழுதிக்கீறே?"

"மேல்காத்து. பதினாலு."

"அது போதும் தாயி. பெருமாளே சொன்னாப்பல ஆச்சு." கையெடுத்துக் கும்பிட்டார்.

என்னை யாரும் அதற்கு முன் கும்பிட்டதில்லை. கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது. அன்று ரயிலில் பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது. செவ்வாய் முதல் வெள்ளி வரை புத்தகத்தில் இருந்தது. சனிக்கிழமை மட்டும் என் கற்பனை.

முதல் புத்தகம்

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு முற்றத்து நடுவில் தூசி சுழன்று எழுந்தது. தேசிங்குவின் மேஜையிலிருந்த காகிதங்களை ஜன்னல் வழியே இழுத்துக்கொண்டு போனது. ஆட்கள் கைதட்டிச் சிரித்தார்கள். கேன்டீன் சமையல்கார அம்மா வந்து, ஞாயிற்றுக்கிழமை வடகம் போடலாமா என்று கேட்டுவிட்டுப் போனாள். நான் பழைய ரிஜிஸ்டர்கள் வைத்திருக்கிற அறைச் சாவியை வாங்கிக்கொண்டு போனேன்.

நான் காப்பியடித்த புத்தகத்துக்கு முந்தைய வருஷத்துப் புத்தகத்தை எடுத்தேன். அதே வாரம், அதே 4.10, அதே 11, அதே கப்பல். அதற்கு முந்தையதிலும் அதே. நாலு புத்தகம், ஐந்து புத்தகம் என்று பின்னால் போகிறேன். கையெழுத்துகள் மாறுகின்றன, வாரம் மாறவில்லை. எல்லோரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கிறார்கள். சனிக்கிழமை வரியில் மட்டும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு காற்றைப் போட்டிருந்தார்கள். ஒருவர் தெற்கு, ஒருவர் மேற்கு. பூச்சி அரிக்காத பக்கங்களிலும் அப்படித்தான். ஏன் என்று அடித்தட்டுக்குப் போன பிறகுதான் புரிந்தது.

எல்லாவற்றுக்கும் அடியில் கம்பெனி ஆரம்பித்த காலத்துப் புத்தகம். அட்டை இல்லை. அதில் நீல மசியில், குண்டு குண்டாக, அவசரமில்லாத ஒரு கையெழுத்து. அந்த ஆள் பார்த்து எழுதியவர். ஒவ்வொரு நாளும் மசியின் அழுத்தம் வேறாக இருந்தது. ஒரு நாள் பேனா தீர்ந்து பென்சிலால் எழுதியிருந்தார். பனி நாளின் பக்க ஓரத்தில் ஈரம் பட்டு மசி ஊறியிருந்தது.

சனிக்கிழமை வரி: காலை 8, மேற்கு, 14. குறிப்பு: 11.20, காற்று நின்றது.

அதற்குக் கீழே ஒன்பது நாள் கட்டங்கள் காலி. பத்தாம் நாளிலிருந்து வேறு கையெழுத்து. நீல மசிக்காரர் அந்தப் புத்தகத்தில் மறுபடி வரவே இல்லை.

காற்று நின்றது என்று எழுதினால் பர்மிட் கிடைக்காது. அதனால்தான் பின்னால் வந்தவர்கள் அந்த ஒரு வரியை மட்டும் காப்பியடிக்காமல், ஆளுக்கொரு காற்றைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் கற்பனையாகப் போட்ட மேற்கும் பதினாலும் அவர் எழுதியதோடு அப்படியே ஒத்துப்போயிருந்தன.

தேசிங்குவிடம் கேட்டேன், அது யார் கையெழுத்து என்று.

"எனக்கு முந்தியாச்சேம்மா. தெரியலியே." பிறகு ஏதோ நினைவு வந்தவராக, "ஆயுத பூஜைக்கு மொத பூசணிக்கா எங்க ஒடைக்கிறோம்?" என்றார்.

"மூணாம் நம்பர் தொட்டிப் படியில."

"ஏன்னு தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. நான் வந்த வருஷமே அங்கதான் ஒடச்சாங்க. நாமளும் ஒடைக்கிறோம்."

அந்த அட்டையில்லாத புத்தகத்தை என் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

மேற்கு, பதினாலு

சனிக்கிழமை ஏழு ஐம்பதுக்கே மாடியில் நின்றேன். காற்றுமானிக் கிண்ணங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. எட்டு மணிக்குப் பார்த்தேன். மேற்கு. பதினாலு.

காற்று இல்லாமல் இருந்திருந்தால் வேலையை யாராவது நிறுத்தியிருப்பார்கள். காற்று இருந்ததுதான் என் தலைவலி. ஷிப்ட் இன்ஜினியரிடம் போய்ப் பழைய புத்தகத்தைக் காட்டினேன். அவர் வேறு ஊர்க்காரர், படித்தவர், பொறுமையாகவே கேட்டார்.

"நீங்க எழுதினது சரியாத்தானே இருக்கு? வாரம் பூரா சரியா இருந்ததுன்னு எல்லாரும் சொல்றாங்க. அப்புறம் என்ன பயம்?"

"சார், நாங்க யாரும் பாத்து எழுதல. போன வருஷத்தப் பாத்து எழுதினோம். எனக்கு முந்தி இருந்தவங்களும் அப்படித்தான். அந்தப் பர்மிட்ல இருக்கறது பொய்."

அவர் முகம் மாறியது. "இதை எழுதிக் கொடுப்பீங்களா?" என்றார். எழுதிக் கொடுத்தால் வேலை போகும் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "இதைத் திங்கட்கிழமை பேசலாம். இன்னிக்குக் காத்து நல்லா இருக்கு" என்று போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அவர் மேல் மட்டும் இல்லை. ஏறிப் பார்க்கச் சோம்பல்பட்டு பத்து மாதமாக டீ குடித்த என் மேல்தான் முக்கால்வாசி.

நான் தொட்டிக்கு ஓடியபோது மணி பத்து ஐம்பது. மூன்றாம் நம்பர் தொட்டியைச் சுற்றி மார்பளவு சுவர். ஒழுகினால் கழிவு வெளியே போகாமல் உள்ளேயே நிற்பதற்காகக் கட்டியது. அதற்குள் இறங்க ஐந்து படி. முனிரத்தினமும் இரண்டு ஆட்களும் உள்ளே இறங்கி, தொட்டியின் பக்கவாட்டு மூடியில் நாலு போல்ட்டைத் தளர்த்திவிட்டு மேலே வந்திருந்தார்கள். ஸ்பேனர் கீழே கிடந்தது. அதன் பக்கத்தில் யாரோ கடித்துப் போட்ட பன்னு. மூடி விளிம்பிலிருந்து அழுகிய முட்டை வாசனை வந்து, வந்த வேகத்தில் காற்றில் கலைந்துகொண்டிருந்தது. முகமூடிகள் கழுத்தில் தொங்கின. மூடியைக் கழற்றும்போதுதான் மாட்டுவார்கள்.

மேல் படியில் உட்கார்ந்துவிட்டேன். இப்படித்தான் முதலில் சொன்ன இடத்துக்கு வந்து சேர்ந்தேன்.

"அக்கா, பேஜாரு பண்ணாதே. வழி வுடு" என்றார் முனிரத்தினம். முந்தாநாள் கும்பிட்டவர். "நீதானே மேல்காத்துன்னு எழுதிக் குட்த்தே? அடிக்குதில்ல? காலீல நான் நடக்கணும். ஊட்ல எல்லாம் கட்டி வெச்சிக்கினு கீறாங்க."

"எழுதினது பொய் முனிரத்தினம். பாக்காம எழுதினேன்."

"பொய்யா இருந்தா எப்டி நடக்கும்?"

நான் படியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"இருபது நிமிஷம் குடு. காத்து நிக்கலன்னா உன் கால்ல வுழறேன். என்ன வேலய வுட்டு அனுப்பட்டும். இருபதே நிமிஷம்."

தேசிங்கு வந்து நின்றார். என்னை எழுப்பத்தான் கூட்டி வந்திருந்தார்கள். அவர் வேட்டி கட்டியவர்போல் பேண்ட்டை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, என் பக்கத்துப் படியில் உட்கார்ந்துகொண்டார். வழி முழுக்க அடைந்துபோயிற்று.

பதினொன்று பத்து. காற்று வீசுகிறது. பதினொன்று பதினைந்து. இன்னும் பலமாக வீசுகிறது. யாரோ சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டியது. நிற்காமல் போனால் நல்லதுதானே, யாருக்கும் ஒன்றும் ஆகாதே என்று ஒரு மனம். நிற்காமல் போனால் என்ன ஆவேன் என்று இன்னொரு மனம். இரண்டாவதை நினைத்ததற்காக அங்கேயே என்னை வெறுத்துக்கொண்டேன்.

பதினொன்று இருபது

முதலில் என் கோட்டு அடங்கியது. அடித்துக்கொண்டே இருந்தது நின்றதும்தான், அதுவரை எவ்வளவு சத்தம் இருந்தது என்று தெரிந்தது. எல்லோரும் மாடியைப் பார்த்தோம். ஆரஞ்சுப் பை நுனியிலிருந்து மெதுவாகத் தொங்க ஆரம்பித்து, கம்பத்தோடு ஒட்டிக்கொண்டது. புகைக்கூண்டுப் புகை நேராக எழும்பிற்று. வேப்பமரத்தில் ஒரு இலை அசையவில்லை. யாரும் மணி பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று ஏறியது. ஆட்கள் முகமூடியை மாட்டிக்கொள்ள, எல்லோரும் பின்னால் ஓடினோம். தேசிங்கு என் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஸ்பேனரு!" என்று முனிரத்தினம் திரும்பினார். பழக்க தோஷம். ஓர் அடி எடுத்தும் வைத்துவிட்டார்.

அப்போது ஒரு காக்கை சுவர் மேலிருந்து, கீழே கிடந்த பன்னுக்காக உள்ளே இறங்கியது. இரண்டு தத்தல் தத்தியது. பன்னை வாயில் எடுத்தது. பிறகு உட்காருவதுபோல் மடங்கி, பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. சிறகு ஒருமுறை விரிந்தது. அவ்வளவுதான்.

முனிரத்தினம் எடுத்த காலை அப்படியே பின்னால் வைத்தார். "கோவிந்தா" என்றார். சத்தமாக இல்லை.

அரைமணி நேரத்துக்கும் மேல் காற்று வரவில்லை. அதன் பிறகு கடல் பக்கத்திலிருந்து வந்தது, எல்லா நாளும் வருவதுபோல.

நாலு பத்து, மறுபடியும்

என் வேலை போகவில்லை. நான் எழுதிக் கொடுத்த காகிதத்தை இன்ஜினியர் கிழித்துப் போட்டுவிட்டாராம். திங்கட்கிழமை பர்மிட் எழுதுகிற வழக்கமும் நின்றது. அன்றன்று காலை, எட்டு மணிக்குப் பிறகு, அன்றைய வரியைப் பார்த்துத்தான் பர்மிட். வேலை தொடங்கும் முன் காற்றுப் பையை இன்னொரு தரம் பார்க்க வேண்டும். தேசிங்குவுக்கு நாஷ்டா தினமும் ஆறிப்போனது. ஒரு நாளும் அவர் முணுமுணுக்கவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய் உடைத்தபோது, படியில் கற்பூரம் ஏற்ற என்னைக் கூப்பிட்டார்கள். பெயர் தெரியாத ஒருவருக்காக ஏற்றினேன்.

முனிரத்தினம் திருப்பதிக்கு நடந்து போய், மொட்டையடித்துக்கொண்டு, லட்டோடு வந்தார். ஒரு துண்டு எடுத்துக் கொடுத்துவிட்டு, பழக்கத்தில் கேட்டார். "நாளைக்கு இன்னா காத்துக்கா?"

"தெரியாது முனிரத்தினம். காலைல ஏறிப் பாத்துட்டு சொல்றேன்."

"அது போதும்" என்றார்.

அடுத்த வருஷம் அதே புரட்டாசி வாரம் வந்தது. செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கே மாடிக்குப் போய்விட்டேன். வெயில். மழைமானியின் பக்கத்தில் நின்றேன். நாலு எட்டு, நாலு ஒன்பது. நாலு பத்து ஆயிற்று. தாண்டியும் போயிற்று. வானத்தில் ஒரு மேகத் துணுக்குகூட இல்லை. மறுநாள் பனி இல்லை. கப்பலும் ஊதவில்லை. அந்த வாரம் அதற்குப் பிறகு எந்த வருஷமும் வரவில்லை.

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். எனக்கென்னவோ வீட்டுக்கு வந்திருந்தவர் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு எழுந்து போன பிறகு கூடம் வெறிச்சோடிக் கிடக்குமே, அப்படி இருந்தது. அந்த நீல மசிக்காரரும் இதே இடத்தில்தான் நின்றிருப்பார். காற்று நின்றதைப் பார்த்திருப்பார். கீழே தொட்டியில் ஆள் இருப்பது தெரிந்திருக்கும். ஓடுவதற்கு முன் அந்த ஒரு வரியை எழுதிவிட்டு ஓடியிருக்கிறார், திரும்பி மாடி ஏறவில்லை.

கீழே இறங்கி வந்து ரிஜிஸ்டரைத் திறந்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமைக் குறிப்புக் கட்டத்தில், அன்றுதான் வாங்கிய நீலப் பேனாவால் எழுதினேன்: மாலை 4.10. மழை இல்லை. நேரில் பார்த்தேன்.